வேப்பங்கிளையோடு வந்தவர்

மணி பகல் இரண்டரை. பர்மாவில், பாகன் பொட்டலில் ஒரு மாட்டுவண்டித் தடம். இரண்டு பக்கமும் செங்கல் கோயில்கள். தண்ணீர்த் திருவிழா முடிந்த மறுவார வெயில். கண்ணுக்கு எட்டிய தூரம் ஈ காக்கா இல்லை... அந்தத் தடத்தில் ஓர் அம்மாள் தனியாக நடந்து போகிறார்.

என்ன, மூஞ்சியைச் சுளிக்கிறீர்கள்? பேய்க் கதைக்குப் பட்டப்பகலா என்றுதானே? பேய்க்கு ராத்திரி வேலை மட்டும்தான் என்று உங்களுக்கு யார் சொன்னது? காலையில் ஐந்து மணிக்குத்தான் மேலே பொற்பாறைக்கு லாரி. கரண்டும் போய்விட்டது. தூக்கம் வரவில்லை, காத்தமுத்தண்ணே கதை சொல்லுங்க என்று என் உயிரை எடுத்தது நீங்கள். சொல்கிறவன் சொல்கிறபடி கேட்க வேண்டும். நடுவில் எவராவது கெக்கேபிக்கே என்று சிரித்தால், அப்படியே எழுந்து அடுப்பங்கரையில் போய்ப் படுத்துவிடுவேன். நாளைக்குக் காலைச் சோறும் கிடையாது. ஆமாம்.

சரி. மெழுகுவத்தியைக் கொஞ்சம் தள்ளி வை. கண் கூசுகிறது.

அந்த அம்மாள் பெயர் டோ ஓன் யின். என் கூட்டாளி கோ தவுங்குக்குச் சித்தி, அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. கோ தவுங்கும் நானும் ஒரே யாத்திரை பஸ்ஸில் பத்து வருடம் ஓடினோம். நான் சமையல், அவன் ஆள் எண்ணி ஏற்றி இறக்குகிறவன். பொய் சொல்லத் துப்பில்லாத பயல். அந்தப் பயணத்தில் மட்டும் நான் போகவில்லை. காய்ச்சலில் கிடந்தேன். நான் மட்டும் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று அவனிடம் ஜம்பம் அடிப்பேன். ராத்திரியில் அடிக்க மாட்டேன்.

ஓன் யின் அம்மாவுக்கு ப்யாப்வே ஊர். அப்போது ஐம்பத்திரண்டு வயது. வீட்டுக்காரர் ஊ லுன் பே. கடைத்தெருவில் சைக்கிள் கடை. பிள்ளை குட்டி கிடையாது. முப்பது வருடமாக அந்த மூங்கில் வீட்டில் இவருக்கு அவர், அவருக்கு இவர். மனுஷர் நல்ல வாயாடி. பஞ்சர் ஒட்டுகிற நேரத்தில் ஊர் வம்பு முழுவதையும் ஒட்டிவிடுவார். ஆனால் இருட்டு என்றால் ஆகாது. ராத்திரி கொல்லைக்குப் போக வேண்டுமென்றால்கூட, "ஓன் யின், ஏ ஓன் யின், எழுந்து விளக்கெடு" என்று மனைவியை எழுப்புவார். அந்த அம்மாள் திட்டிக்கொண்டே விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் போவார். ஒரு ராத்திரி தப்பாது.

அந்த வருடம் திருவிழா லீவில் ஊர்க்காரர்கள் நாற்பது பேர் சேர்ந்து பாகன் யாத்திரை கிளம்பினார்கள். அந்த அம்மாவுக்குப் போக முடியவில்லை. அறுத்துப் போட்ட வெங்காயம் களத்தில் கிடந்தது. "நீங்க போயிட்டு வாங்க, எனக்கும் சேர்த்துக் கும்பிடுங்க" என்று அனுப்பி வைத்தார். ஐந்தாறு நாள் கழித்து முப்பத்தொன்பது பேர் வந்தார்கள்.

ஏதோ ஒரு சின்னக் கோயில். பெயர்கூட இல்லாத கோயில். வெயில் தாங்காமல் உள்ளே போய்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாராம். பஸ் ஹாரன் அடித்தபோது எல்லோரும் எழுந்தார்கள். அவர் எழவில்லை. அந்தச் சூட்டில் உடம்பை வைத்திருக்க முடியுமா? அன்றைக்கே அந்த ஊர்ச் சுடுகாட்டில் காரியத்தை முடித்துவிட்டார்கள். ப்யாப்வேக்குச் சேதி வந்தபோது நாலாம் நாள் சாயங்காலம்.

உடம்பு எங்கே போனால் என்ன? உயிர் இருக்கிறதே, லெய்ப்பியா, அது பிரிந்த இடத்திலேயேதான் உட்கார்ந்திருக்கும். சொந்தக்காரர் ஒருவர் அங்கே போய், பக்கத்து மரத்தில் ஒரு கிளை ஒடித்து, பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். கிளையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும். வீட்டுப் புத்தர் மாடத்துக்குக் கீழே கிளையை வைத்து, ஏழாம் நாள் பிக்குகளுக்குச் சாப்பாடு போட்டு, புண்ணியம் பகிர்ந்து கொடுத்தால், அதை வாங்கிக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும். ஏழாம் நாளுக்குள் கூப்பிடவில்லையா... அங்கேயேதான்.

"நான் போறேன்" என்றார் ஓன் யின் அம்மா. கூட வர ஆளில்லை. ஆளாளுக்கு வெங்காயம். பக்கத்து வீட்டு மா ப்யூ மட்டும் லாரி ஏற்றிவிட வந்தாள்.

"அக்கா, அழுதுட்டே போய்க் காரியத்தைக் கெடுத்துக்காதீங்க. பேரை முழுசாச் சொல்லிக் கூப்பிடணும். உங்க வழக்கம் மாதிரி ஏய், ஓய், உங்களைத்தான்னு கூப்பிட்டு வெச்சிடாதீங்க."

"போடி. எனக்குத் தெரியாதா?"

"முப்பது வருஷத்துல ஒரு நாள் சொல்லி நான் கேட்டதில்லையே."

"அவர் அங்க நாலு ராத்திரியாத் தனியா உக்காந்திருக்காருடி" என்றார் அந்த அம்மா. "ஒரு ராத்திரி தனியா இருக்கத் தெரியாது அந்த மனுஷனுக்கு."

அதுதான் அவருக்குக் கவலை. செத்துப்போனதுகூட அப்புறம்.

இப்போது அந்தப் பகல் இரண்டரைக்கு வாருங்கள். ஐந்தாம் நாள். பாகன் ஊர்க்காரர்கள் கையைக் காட்டிய திசையில் நடந்தால்... ஒரே மாதிரி கோயில்கள். இது அதுவா, அது இதுவா? எல்லாம் இடிந்த செங்கல், எல்லாவற்றிலும் புல். நாலைந்து கோயில் ஏறி இறங்கினார். ஆறாவதில் வாசற்படிக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. இடது கால் வார் அறுந்து, நீல நூலால் தைத்திருந்தது. தைத்தது இவர்தான். உடம்பைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் செருப்பை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அந்த அம்மா அந்தச் செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார்.

பிறகு உள்ளே போனார். வௌவால் புழுக்கை நாற்றம். காய்ந்த மல்லிகை வாடை. இருட்டில் புத்தர் உட்கார்ந்திருந்தார், முகத்தில் பாதிச் சுண்ணாம்பு உதிர்ந்து. மூன்று தரம் விழுந்து கும்பிட்டார். பக்கச் சுவரில் தலை சாய்கிற உயரத்தில் ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. தேங்காயெண்ணெய். தொட்டு மோந்து பார்த்தார். அவர்தான்.

வெளியே வந்து வேப்பமரத்தில் ஒரு கிளை ஒடித்தார். வாசலுக்கு நேரே நின்றார். பெயரைச் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தார்.

"ஊ..."

வரவில்லை. முப்பது வருடத்துப் பழக்கம். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பெயர் நாக்கில் ஏறினதில்லை. பெரியவர்கள் சிரிப்பார்கள் என்று வெட்கப்பட்டது, அப்புறம் அதுவே மரியாதையாகிப் போனது. நம் வீட்டுப் பெண்களும் அப்படித்தானே? அதை ஒரு குற்றம் என்று யார் சொல்வார்? சுற்றிப் பார்த்தார். ஆளே இல்லாத பொட்டல். ஆளே இல்லாத பொட்டலிலும் வெட்கம் வந்தது, பாவம்.

"ஏய்... உங்களைத்தான். கேக்குதா? வாங்க, வீட்டுக்குப் போகலாம்."

காற்று இல்லை. கோபுரத்து உச்சியில் மணி அசையவில்லை.

"உங்களைத்தான். நான்தான் வந்திருக்கேன். வாங்க."

ஓணான் ஒன்று செங்கல்லில் ஓடியது. அவ்வளவுதான்.

"தனியா இருந்தது போதும். எழுந்து வாங்க."

உள்ளே... யாரோ எழுந்தார்கள்.

அந்த அம்மா கேட்டார். வெகு நேரம் சப்பணம் போட்டு உட்கார்ந்தவர்கள் எழுந்தால் முட்டி சொடக்குமே, டக்... டக் என்று... அந்தச் சத்தம். பிறகு வெறுங்கால் தரையில் தேய்கிற சத்தம். கையில் கிளை கொஞ்சம் கனத்தது. ஒரு கைப்பிள்ளை பிடித்துத் தொங்குகிற கனம்.

அந்த அம்மாவுக்குப் பயமா? சந்தோஷம்! "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று அழுதுகொண்டே சிரித்தார். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதால் பார்க்கவில்லை. நடந்தார்.

ஒன்று சொல்கிறேன். அங்கே எத்தனை ஆயிரம் கோயில் என்று எண்ணினவர்களே ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். எத்தனை நூறு வருடம்... செங்கல் சுமந்தவன், சுட்டவன், சாரத்திலிருந்து விழுந்தவன். எங்கிருந்தோ பிடித்து இழுத்து வரப்பட்டவர்கள். அவர்களுக்கெல்லாம் ஏழாம் நாளுக்குள் யார் வந்தார்கள்? யார் கூப்பிட்டார்கள்? அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நின்றுகொண்டு, பெயர் சொல்லாமல், வா வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு பெண்பிள்ளை அழைத்தால்...

ஏய், யாரது என் கையைப் பிடிக்கிறது? விடு. நானே பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு ராத்திரி பக்கத்து ஊர் நியாவுங் ஊ சத்திரத்தில் தங்கினார். மறுநாள் காலையில், ஆறாம் நாள், கோ தவுங்கின் பஸ் அங்கே நின்றது. பாகன் முடித்துப் போப்பா மலை, மெய்க்தீலா, அப்படியே ப்யாப்வே வழியாக ரங்கூன் திரும்புகிற பஸ். சித்தியைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை. பின்னால் இருவர் உட்காரும் சீட்டைக் காலி பண்ணிக் கொடுத்தான். கிளையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

மணல் ஆற்றுப் பாலம் ஒவ்வொன்றிலும் பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சொன்னார். "பாலம் வருது. பார்த்து வாங்க." சொல்லாவிட்டால் உயிர் தண்ணீரைத் தாண்டாது. பஸ்ஸில் எல்லோருக்கும் தெரியும். ஒரு குண்டம்மா இடம் தேடிக்கொண்டு வந்தார்.

"இங்க ஆளிருக்கா?"

"எங்க வீட்டுக்காரர்."

குண்டம்மா கிளையைப் பார்த்தார். "அடடா, தெரியாமக் கேட்டுட்டேன்" என்றவர், காலிச் சீட்டைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொன்னார். "காலை நீட்டி நல்லா உக்காருங்க அண்ணே. என் பொடி உடம்புக்கு முன்சீட்டே போதும்." பஸ்ஸே சிரித்தது. ஓன் யின் அம்மாவும் சிரித்தார். சேதி வந்த பிறகு மனம் விட்டுச் சிரித்த முதல் சிரிப்பு.

கோ தவுங் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு ஒரு வாடை வந்துகொண்டிருந்தது. முதல் மழை பழைய செங்கல் சுவரில் விழுந்தால் வருமே... அந்த வாடை. வெளியே மழையா? வெயில் தகரத்தை உருக்குகிறது. சித்தப்பா இருந்த இடத்தில் எப்போதும் சுருட்டு வாடைதான். இது அது இல்லை. கிளையைப் பார்த்தான். நேற்று மத்தியானம் ஒடித்த வேப்பங்கிளை. ஓர் இலை வாடவில்லை.

போப்பா மலையடி. அந்தக் குரங்குகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டாம். பஸ் நின்றதும் ஜன்னலில் பாய்ந்து, வாயில் போடுகிற பழத்தைக்கூடப் பிடுங்குகிற ஜாதி. அன்றைக்கும் பாய்ந்து வந்தன. ஓன் யின் அம்மா இருந்த ஜன்னலுக்கு வந்த பெரிய கடுவன் உள்ளே எட்டிப் பார்த்தது. அம்மாவைப் பார்க்கவில்லை. பக்கத்துச் சீட்டைப் பார்த்தது. மெதுவாகக் கையை எடுத்தது. இறங்கியது. பின்னாலேயே மற்றவையும் இறங்கின... ஒரு சத்தம் இல்லை. அத்தனை குரங்கும் படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து, பஸ் கிளம்பும் வரை பார்த்துக்கொண்டே இருந்தன.

"உங்க சித்தப்பாவைப் பார்த்தா குரங்குக்குக்கூட மரியாதைடா" என்றார் சித்தி.

மெய்க்தீலா போய்ச் சேரச் சாயங்காலம் நாலு மணி. ஏரிக்கரைப் பகோடாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். யாத்திரைத் தலைவர் சொம்பிலிருந்து தண்ணீர் சொட்டு சொட்டாக ஊற்றி, நாங்கள் செய்த புண்ணியத்தைக் கேட்கிற எல்லா உயிர்களும் சமமாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று மூன்று தரம் கூப்பிட்டார். பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் சேர்ந்து "தாடு, தாடு, தாடு" என்றார்கள். நம் ஊரில் நன்று நன்று என்பது போல. முடிந்தது. தலையைக் குனிந்தார்கள்.

முடிந்த பிறகு... ஒரு குரல்.

"தா...டு."

சித்திக்குப் பக்கத்தில். ஆண் குரல். வெகு காலம் பேசாத தொண்டையிலிருந்து, அந்தச் சொல்லை இப்போதுதான் ஞாபகப்படுத்திக்கொண்டது போல வந்தது.

கோ தவுங் சித்தியை ஏரிக்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போனான்.

"சித்தி, சித்தப்பா பேரைச் சொல்லித்தானே கூப்பிட்டீங்க?"

அந்த அம்மா தண்ணீரைப் பார்த்தார்.

"சித்தி!"

"என் குரல் அவருக்குத் தெரியாதாடா? நான் கூப்பிட்டா அவருக்குத் தெரியாதா?"

"உங்க குரல் அவருக்குத் தெரியும். மத்தவங்களுக்குக் காதில்லையா? இந்தக் கிளையை ஏரியில போடுங்க. திரும்பிப் போய் வேற ஒடிச்சு, பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். நானும் வரேன்."

"நாளைக்கு ஏழாம் நாள். இப்ப திரும்பினா எப்ப பாகன் போறது, எப்ப வீடு போறது? பிக்குகளுக்குச் சொல்லியாச்சு." கிளையை மார்போடு அணைத்துக்கொண்டார். "இவர்தான்டா. இவராத்தான் இருக்கணும். நீ வாயை வெச்சுட்டு சும்மா இரு."

கோ தவுங் சும்மா இருந்தான். அதுதான் அவன் செய்த தப்பு என்று குடித்தால் இன்றைக்கும் சொல்லி அழுவான். இருட்டும் நேரத்துக்கு ப்யாப்வேயில் சித்தியை இறக்கிவிட்டு அவன் பஸ்ஸோடு போய்விட்டான்.

மறுநாள் பிக்குகள் வந்தார்கள். சாப்பாடு நடந்தது. லுன் பே, உனக்காகச் செய்த புண்ணியம் இது, வாங்கிக்கொண்டு போ என்று சொல்லித் தண்ணீர் ஊற்றினார்கள். அதற்குப் பிறகு கிளையை ஊருக்கு வெளியே போட வேண்டும். மா ப்யூ கையை நீட்டினாள். ஓன் யின் அம்மா கொடுக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் இருக்கட்டும்டி. வீடு ஒரேயடியா வெறிச்சுன்னு இருக்கு."

ஒரு நாள் இரண்டு நாளாயிற்று. யார் வந்து கேட்பார்கள்? தனியாக இருக்கிற ஒரு பெண்பிள்ளை வீட்டுக்குள் ஒரு வேப்பங்கிளை இருந்தால் ஊருக்கென்ன?

மூன்று மாதம் கழித்து, மழைக்கால நோன்பு தொடங்கி யாத்திரை பஸ்கள் நின்றதும், கோ தவுங் சித்தியைப் பார்க்கப் போனான். கதவைத் திறந்ததும் அந்த வாடை. மூங்கில் தட்டி வீடு, கூரை தகரம். செங்கல் வாடை எங்கிருந்து வரும்? மாடத்துக்குக் கீழே கிளை இருந்தது. பச்சைப்பசேல் என்று.

ஆனால் சித்தி நன்றாக இருந்தார், அதுதான் விஷயம். பூ வைத்திருந்தார். கன்னத்தில் தனகாப் பட்டைச் சாந்து பூசியிருந்தார். அடுப்பில் மீன் வேகிறபோது மூலையைப் பார்த்து அன்றாடக் கதையெல்லாம் சொல்வதும், நிறுத்துவதும், தலையாட்டுவதும், மறுபடி சொல்வதுமாக இருந்தார்.

"சித்தி, இது சித்தப்பா இல்லை."

"தெரியும்டா." திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வீட்டுக்கு வந்த ரெண்டாம் நாளே தெரியும். அந்த மனுஷன் என்னை ஒரு பேச்சு முழுசா முடிக்க விட்டிருக்காரா? இது கேக்குது. நான் சொல்றதையெல்லாம் உக்காந்து கேக்குது. அதுக்கும் பேச ஆளில்லாம எத்தனை வருஷமோ."

"அப்போ சித்தப்பா? அவர் அங்க..."

கரண்டி நின்றது. அந்த அம்மாவின் முகம் அப்போதுதான் உடைந்தது என்றான்.

"நெனைக்காம இருக்கேன்னு நெனைச்சியா? விளக்கணைச்சா அந்தச் செருப்புதான் கண்ணுல நிக்குது. மழை விடட்டும். போய்க் கூட்டிட்டு வரேன். பேரைச் சொல்லிப் பழகுறேன்டா. தெனமும் சாயங்காலம் இங்க உக்காந்து சத்தமாச் சொல்லிப் பார்க்கிறேன். இப்ப வாயில வருது."

"ஏழாம் நாள் தாண்டிப் போச்சே சித்தி."

"வருவார். நான் கூப்பிட்டா வருவார்."

அன்றைக்கு ராத்திரி கோ தவுங் அங்கேயே படுத்தான். நல்ல மழை. தகரத்தில் கொட்டுகிற சத்தத்தில் காது அடைத்தது. எத்தனை மணி என்று தெரியவில்லை, மழை சட்டென்று நின்றது. கூரையிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும்... சொட்... சொட்...

வாசலில் சேறு. அதில் வெறுங்கால் நடந்து வருகிற சத்தம். சளக்... சளக்... கதவுக்கு முன்னால் வந்து நின்றது. மூச்சு வாங்குகிற சத்தம்.

"ஓன் யின்."

சித்தப்பா குரல். கோ தவுங்குக்குத் தெரியாதா? தோளில் தூக்கி வளர்த்த சித்தப்பா.

"ஏ ஓன் யின். எழுந்து விளக்கெடு. வழியெல்லாம் ஒரே இருட்டு. நீ தெனமும் கூப்பிட்டது கேட்டு, ஆறு குளமெல்லாம் சுத்திச் சுத்தி... நடந்தே வந்தேன்."

சுருட்டு வாடை கதவிடுக்கு வழியாக உள்ளே வந்தது.

சித்தி பாயிலிருந்து எழுந்து ஓடினார். ஓடினார் என்றால் ஓட்டம், தலைமுடி அவிழ்ந்து, லுங்கி தடுக்கி. தாழ்ப்பாளைப் பிடித்தார். வாழ்நாளில் முதல் தடவையாக, அவருக்கு நேரே நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

"லுன் பே!"

"ம்."

பதில் வெளியிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது. மாடத்துக்குக் கீழே இருந்து. மூன்று மாதமாகத் தினமும் சாயங்காலம் அந்தப் பெயரைக் கேட்டுக் கேட்டு, அது தன்னைத்தான் என்று ஆகிப்போனவர் சொன்ன பதில்.

சித்தி தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். கோ தவுங் கண்ணை மூட முடியாமல் பார்த்துக்கொண்டு கிடந்தான். கை கால் அவனுடையது இல்லை.

வெளியிலிருந்து சித்தப்பா கேட்டார். சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது குரல்.

"உள்ள யாரு, ஓன் யின்?"

மாடத்துப் பக்கம் முட்டி சொடக்கியது. டக்... டக். யாரோ மெதுவாக எழுந்தார்கள். வெறுங்கால் தரையில் தேய்ந்து வந்து, சித்திக்குப் பின்னால் நின்றது. அந்தப் பழைய தொண்டை, நிதானமாகக் கேட்டது.

"வெளிய யாரு?"

நான் எத்தனையோ தடவை கோ தவுங்கைக் கேட்டிருக்கிறேன். அந்த அம்மா முகம் எப்படி இருந்தது, பயமா, ஆசையா, என்னதான் அது? தெரியவில்லை அண்ணே என்பான். இருட்டு என்பான். அழுதுகொண்டிருந்தார், அது மட்டும் தெரியும் என்பான்.

"யாருமில்லை" என்றார் சித்தி.

யாருக்குச் சொன்னார் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தார். வந்து பாயில் படுத்தார். பக்கத்தில் பாய் அழுந்துகிற சத்தம் கேட்டது. விடியும் வரைக்கும் வாசலில், விளக்குக் கேட்டு விளக்குக் கேட்டு, ஒரு வயதான ஆண்பிள்ளை அழுகிற சத்தம். சித்தி ஒரு தடவைகூடப் புரண்டு படுக்கவில்லை.